கறுப்புத் தண்ணீர்

கொட்டாஞ்சேனை,
14.12.1998

அன்பின் அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் போடாமல் இருந்துவிட்டு இப்போது எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பலமுறை தொடங்கிக் கிழித்துவிட்டேன்.

அம்மா சுகம். இத்தாலியில் நீங்கள் வேலை செய்யும் ஆலையிலிருந்து அனுப்பிய ஒலிவ் எண்ணெய் டின்னை, அங்கிருந்து லீவில் வந்த நோபேட் அண்ணா கொண்டுவந்து தந்தார். இங்கே அது மருந்துக்கடையில் சின்னப் போத்தலில் விற்கிற சாமான். யார் அதில் சமைப்பார்கள்? அம்மா டின்னோடு கோயிலுக்குப் போய்விட்டார். நோயாளருக்குப் பூசும் எண்ணெய் ஆயரிடமிருந்துதான் வரும் என்று சுவாமியார் சிரித்தபடி சொல்லியும் அம்மா விடவில்லை. கடைசியில் அவர் டின்னில் கைவைத்துச் செபித்துக் கொடுத்தார். இப்போது ஒழுங்கையில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அம்மா போய் நெற்றியில் சிலுவை போடுகிறார். “என்ர பெடியன்ர ஆலையில எடுத்த எண்ணெய், சும்மா எண்ணெய் எண்டே நினைச்சனீங்கள்?” என்கிறார்.

ஒழுங்கை முனையில் இருக்கும் யோசெப்பீன் அக்கா மட்டும் நெற்றியைக் காட்டவில்லை. மகனின் சட்டையைக் கொண்டுவந்து அதில் பூசச் சொன்னார். வெள்ளவத்தைச் சோதனைச்சாவடியில் ஆமி பிடித்துக்கொண்டு போன பிள்ளை இன்னும் வரவில்லை.

டின்னில் ஒரு படம் இருக்கிறது. மரங்களுக்கு நடுவே தெளிந்த ஓடை. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் கறுப்புத் தண்ணீரை ஓடைக்குத் திறந்துவிடுவது உங்கள் வேலை என்றும், மீன்கள் செத்து மிதந்தன என்றும் எழுதியிருந்தீர்கள். உங்களுக்குப் பாண் சுட்டுத் தருகிற ரோசா அக்காவின் அவரைக்கொடிகளும் கருகிவிட்டன. என்ன நடந்தது என்று அவர் கேட்க, தெரியாது என்று சொல்லிவிட்டீர்கள். “நீ இரசாயனம் படிச்சனீ. பழத்தின்ர சாறுதானே, பிழையில்லை எண்டு ஒரு வரி எழுது, நான் நித்திரை கொள்ளுவன்” என்று கேட்டிருந்தீர்கள்.

அந்த ஒரு வரிதான் வரவில்லை அண்ணா. என்னைப் படிப்பித்தது நீங்கள். பல்கலைக்கழக நூலகத்தில் போய்த் தேடினேன். எதற்கு என்று கேட்டார்கள். கூச்சத்தில் சிநேகிதிக்கு என்றேன். பழத்தின் சாறுதான், உண்மை. ஆனால் அவ்வளவும் ஓடையில் விழுந்தால் தண்ணீரிலுள்ள பிராணவாயு தீர்ந்துவிடும். மீன்கள் மூச்சுமுட்டிச் சாகும். அதிலுள்ள கசப்பு பயிரைக் கருக்கும். கிணற்றில் ஊறினால் தண்ணீர் குடிக்க உதவாது. ரோசா அக்காவின் கிணறு ஓடைக்கரையில் என்றுதானே எழுதினீர்கள்?

உங்களிடம் அங்கே தங்குவதற்கான பத்திரங்கள் இல்லை. முதலாளி பொலிசுக்கு ஒரு சொல் சொன்னால் உங்களை இங்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பிள்ளையின் எண்ணெய் பூசிய சட்டை காய்வதற்காக எங்கள் யன்னலில்தான் தொங்குகிறது. அதைப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

குளிருக்குக் காதைக் கட்டிக்கொள்ளுங்கள். மாதா உங்களை அணைத்துக் காக்கட்டும்.

அண்ணா, அந்தக் கிணற்றில் அள்ள வேண்டாம் என்று ரோசா அக்காவிடம் சொல்லிவிடுங்கள். யார் திறந்துவிட்டது என்று அவர் கேட்பார். அப்போதும் தெரியாது என்று சொல்லாதீர்கள்.

உங்கள் தங்கை,
றெஜினா