பதினேழாம் நம்பர்

டீச்சரம்மாவுக்கு,

நீயும் குட்டிக்குண்டும் அசந்து தூங்குறீங்க, அதான் எழுப்பல. ஒரு வீட்டுல கதவு மாட்டுற வேலை இருக்கு, கிளம்பிட்டேன். சோறு குக்கர்ல இருக்கு. சாவி செருப்பு அலமாரி மேல.

பதினோரு மணிக்கு எங்க அக்கா வருவாங்க. பிறப்புப் பதிவு பாரம் கொடுக்க இன்னிக்குத்தான் கடைசி நாள், அவங்க கையில கொடுத்துடு, ஆபீசுல சேர்த்துடுவாங்க. அவங்களும் ஒரு பேரோடதான் வருவாங்க. அதுக்குள்ள நாம முடிச்சாகணும்.

நேத்து நான் கத்தினது தப்புதான். ஆனா நீயும் யோசிச்சுப் பாரு. எந்தப் பேரைச் சொன்னாலும் உன் வகுப்புல அந்தப் பேர்ல ஒரு வாலு இருக்கு. ஒருத்தி கடிக்கிறா, ஒருத்தி சாக்பீஸ் திங்கிறா, ஒருத்தியோட அம்மா சண்டைக்கு வர்றாங்க! முப்பது பேரைச் சொல்லி நாக்கு தள்ளிப்போச்சு எனக்கு.

காலையில உன் மார்க் நோட்டை எடுத்து வரிசையா பார்த்தேன். பதினேழாம் நம்பர். நீ மாசமா இருந்தப்போ, யாரும் சொல்லாமலே தினமும் உன் நோட்டுக்கட்டை மூணு மாடி தூக்கிட்டு வந்த பொண்ணு. அவளை மட்டும் நீ ஒரு நாளும் குறை சொன்னதில்ல.

பாரத்துல அந்தப் பேரைத்தான் எழுதி வெச்சிருக்கேன். முறைக்காதே, பென்சில்லதான். பிடிச்சிருந்தா அதுமேல பேனாவால எழுதிடு.

உன் தச்சன்

பி.கு.: குட்டிக்குண்டு காதுல ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். கொட்டாவி விட்டா. சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்.

இன்னொண்ணு: வீட்டுல இருந்த ஒரே ரப்பர் என் சட்டைப்பையில இருக்கு. தேடாதே.