நெஸ்ரீன் ஒப்புக்கொள்ளாத முடிவு

அன்புள்ள சுஹைலா,

என் கணவரைப் பற்றி நீ எச்சரித்தபோது உன்னைத்தான் கோபித்துக்கொண்டேன். அவர் எங்களை விட்டுவிட்டு வீட்டைவிட்டுப் போய் ஏழு மாதமாகிறது. அன்றிலிருந்து மகள் நெஸ்ரீன் என்னோடு சரியாகப் பேசியதே இல்லை.

போன வாரம் பள்ளிக்கூட வாசலில் நீ அவளுக்குப் புதிய இளையோர் நாவல் ஒன்றைக் கொடுத்து, ஒரான் நகர நூலகத்தில் நீ நடத்தும் வாசிப்பு வட்டத்துக்கு அழைத்தாயாம். நேற்று அங்கிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அந்தக் கதைல வர்ற பொண்ணு அவ அப்பாவ மன்னிச்சிருக்கவே கூடாதும்மா! எல்லாரும் எங்கூட சண்டைக்கு வந்தாங்க. சுஹைலா பெரியம்மா மட்டும், 'அப்போ நீயே வேற முடிவு எழுதிட்டு வாடி'ன்னாங்க."

ஷொர்பா சூப் ஆறியும் அவள் பேச்சு ஓயவில்லை. நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

இந்த நன்றியை எப்படிச் சொல்வேன்? இன்று அந்த நாவலை நானும் படித்து முடித்தேன். மன்னிப்பது பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. சனிக்கிழமை அவளோடு நானும் வரட்டுமா?

நன்றியோடு,
நெஸ்ரீனின் அம்மா