குரங்கு போயிடுச்சி

செஞ்சி

அன்புள்ள குழலியின் நைனாவுக்கு,

ஜெயசுதா எழுதுவது. மற்றதைப் படிக்கும் முன் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: நானும் குழலியும் நன்றாக இருக்கிறோம். போனில் சொன்னால் என் குரலைக் கேட்டே பயந்து ஓடி வந்துவிடுவீர்கள். அதனால்தான், லீவு முடிந்து குவைத் திரும்பும் விநாயகம் அண்ணனிடம் எலுமிச்சை ஊறுகாயோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை மதியம், நின்றிருந்த கரண்ட் திரும்ப வந்தபோது, ஹாலில் ஃபேன் செருகியிருந்த ஜங்ஷன் பாக்ஸில் பொறி பறந்து, பக்கத்தில் குவித்திருந்த துணி பற்றிக்கொண்டது. பின்பக்கம் துவைத்துக்கொண்டிருந்த நான் நாற்றம் வந்து ஓடினால், ஹால் முழுக்கப் புகை. குழலியைக் காணோம். உள் அறை தாழிட்டிருந்தது.

கோட்டை மலையிலிருந்து இறங்கிய குரங்கு அவள் கையிலிருந்த முறுக்கைப் பிடுங்கியதே, நினைவிருக்கிறதா? மறுநாளே அந்தக் கதவில் அவளுக்கு எட்டுகிற உயரத்தில் தாழ்ப்பாள் போட்டீர்கள். “கொரங்கு வந்தா உள்ள பூந்து தாப்பா போட்டுக்கோ. யாரு தட்டினாலும் தொறக்காதே. அம்மா ‘குரங்கு போயிடுச்சி’ன்னு சொன்னாத்தான் வெளிய வரணும்” என்று பாடம் வேறு நடத்தினீர்கள். நாலு வயசுப் பிள்ளைக்குத் தெரிந்த ஆபத்து அது ஒன்றுதானே. புகையைப் பார்த்ததும் அதையே செய்திருக்கிறாள்.

மெயினை அணைத்துவிட்டுக் கதவைத் தட்டினேன், கத்தினேன். அவள் திறக்கவில்லை. எதிர்வீட்டு ரத்தினம்மாள் அக்கா நெருப்பில் தண்ணீர் கொட்ட, அவர் வீட்டுக்காரர் கடப்பாரையால் கதவை இடித்தார். இடிக்க இடிக்க உள்ளே அவள் வீறிட்டாள். அப்போதுதான் புரிந்தது: எங்களைத்தான் குரங்கு என்று நினைத்திருக்கிறாள்! அவரை நிறுத்தச் சொன்னேன். இருமலை அடக்கிக்கொண்டு, சோறூட்டுகிற குரலில், “கொழலி, குரங்கு போயிடுச்சிம்மா” என்றேன்.

தாழ்ப்பாள் நகர்ந்த சத்தம் சாகும்வரை என் காதில் இருக்கும். பொம்மையை இடுக்கிக்கொண்டு வந்தவள், “எத்தினி குரங்கும்மா?” என்று கேட்டாள். தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். அங்கே உட்கார்ந்து அழுதேனா சிரித்தேனா, எனக்கே தெரியாது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. போனது இரண்டு புடவையும் உங்கள் கல்யாண வேட்டியும்தான். அந்த வேட்டி இனி உங்கள் தொப்பைக்குச் சுற்றாது, விடுங்கள். உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நீங்களும் உங்களைத் திட்டிக்கொள்ளக் கூடாது. தச்சர் பாவாடை அண்ணன் வந்து தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். ஒயரையும் மாற்றியாயிற்று. சாயங்காலமானால் எங்களுக்கு இப்போது ஒரு விளையாட்டு. “பொகை!” என்று நான் கத்தினால், அவள் பொம்மையைக்கூட எடுக்காமல் குனிந்து ஓடி, அக்கா வீட்டு வாசலில் நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டதற்கும் ஓடிவிட்டாள். ஓடட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். “நைனா எந்த ரூம்ல தாப்பா போட்டுக்கினு இருக்குது?” என்று கேட்டாள். தூர தேசத்தில் இருக்கிறார் என்றேன், ஒப்பவில்லை. இரண்டு நாளாக வாசலில் நின்று பஸ் போகிற பக்கம் பார்த்து, “நைனா, குரங்கு போயிடுச்சி, வெளிய வா” என்று தொண்டை கட்டும்வரை கூப்பிடுகிறாள்.

பயந்துகொண்டு வராதீர்கள். பிள்ளை கூப்பிடுகிறாள், அதற்காக வாருங்கள். சிங்கவரம் பெருமாள் அதுவரை உங்களைப் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள்,
ஜெயசுதா