வயிறு நிறையத் தண்ணீர்

அன்புள்ள அண்ணிக்கு,

ஸ்தோத்திரம். நீங்களும் அண்ணனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன். போனில் பேசினால் மகள் பக்கத்திலேயே வந்து நிற்பாள். எங்கள் சபையில் தையல் வேலை செய்கிற அக்கா நாளை ஊருக்கு விமானம் ஏறுகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

குடும்பத் தியான முகாமுக்குப் போய்விட்டு நேற்று மாலைதான் வீடு வந்தோம். திங்கட்கிழமை காலை நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும் என்று உங்கள் தம்பியிடம் உறுதி வாங்கிக்கொண்டுதான் கூட்டிப்போனேன். இன்று திங்கட்கிழமை. போகவில்லை. பால்கனியில் உட்கார்ந்து சாவகாசமாக நகம் வெட்டிக்கொண்டிருக்கிறார்.

முகாம் இருந்தது ஒரு காட்டு ஓரத்தில். ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம், ஒன்றின் மேல் ஒன்றாக இரும்புக் கட்டில்கள். எனக்கு மேல் கட்டில் அம்மாள் புரளும்போதெல்லாம் நான் ஜெபித்தேன். போதகர் நல்ல மனிதர்தான், ஆனால் மைக்கை அவர் கையில் கொடுத்தால் திரும்ப வாங்க ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை சாட்சி சொல்லும் நேரத்தில் உங்கள் தம்பி எழுந்து முன்னால் போனார். நான் அவர் பாத்ரூமுக்குப் போகிறார் என்று நினைத்தேன். கர்த்தர் தன் சிறுநீரகங்களைத் தொட்டு முழுச் சுகம் கொடுத்துவிட்டார், இனிமேல் மெஷின் தேவையில்லை என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார். கூடமே எழுந்து கைதட்டியது. மகள் அழுதுகொண்டே ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். 

மத்தியானம் ரொட்டிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, குடும்பம் குடும்பமாகக் காட்டுக்குள் நடந்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள். உயரமான மரங்கள், வெளிச்சமே சரியாக விழவில்லை. கொஞ்ச தூரத்தில் ஓர் ஓடை. டாக்டர் சொன்னபடி ஒரு நாளைக்குத் தண்ணீர் இவ்வளவுதான் என்று அவர் பாட்டிலில் கோடு போட்டு வைத்து, ஒரு வாய் கூடினாலும் பிடுங்கிவிடுகிற பிள்ளை, அன்று தானே டம்ளரில் மொண்டு மொண்டு கொடுத்தாள். அவர் வாங்கி வாங்கிக் குடித்தார். சட்டையெல்லாம் நனைந்தது. இரண்டு பேரும் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகு காலம் ஆயிற்று. போதும் என்றேன். அம்மாவுக்கு விசுவாசமே இல்லை என்று மகள் என்னைக் கடிந்துகொண்டாள்.

அவள் பைன் காய் பொறுக்கப் போன நேரத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். நிஜமாகவே சுகமாகிவிட்டது என்று நம்புகிறீர்களா என்று. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஆகலைன்னு எனக்குத் தெரியாதா? இனிமே என்னால அந்த மெஷின் நாற்காலியில போய் உட்கார முடியாதும்மா. சாட்சி சொல்லிட்டா யாரும் என்னைப் போன்னு சொல்ல மாட்டாங்க. பிள்ளையும் கொஞ்ச நாள் சிரிச்சுக்கிட்டு இருக்கும்."

நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன், அண்ணி. தியானத்துக்குப் போன இடத்தில் சொல்லக்கூடாத வார்த்தையெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பிள்ளையிடம் மட்டும் சொல்லிவிடாதே என்றார்.

உங்கள் சிறுநீரகமும் அவருக்குப் பொருந்தாது என்று ரிப்போர்ட் வந்த நாளிலிருந்தே இப்படி முடிவு செய்திருக்கிறார் போல. உங்கள் மேல் எந்தக் குறையும் இல்லை, மனதில் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து காலையில் போன் வந்தது. நன்றி, இனி வரமாட்டேன் என்று அவரே பணிவாகச் சொல்லி வைத்தார். டாக்டரோடு நான் தனியாகப் பேசினேன். சுயநினைவோடு இருக்கிற மனிதர் வேண்டாம் என்றால் கட்டி இழுத்து வர முடியாது என்கிறார். போதகரிடம் சொல்லலாம் என்றால், அவர் இதற்குள் நாலு சபைக்குப் போன் போட்டு இந்தச் சாட்சியைச் சொல்லிவிட்டார். எனக்கு யாரிடம் போய் அழுவது என்று தெரியவில்லை. காலையில் அவர் வீங்கின கணுக்காலை அழுத்திப் பார்த்தேன், விரல் பதிந்த பள்ளம் அப்படியே நிற்கிறது. நீங்கள் நர்ஸாக இருந்தவர், மேலே நான் எழுத வேண்டியதில்லை.

நீங்கள் வந்து சொன்னாலும் கேட்பார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனாலும் வாருங்கள். சின்ன வயதில் அவருக்குச் சோறு ஊட்டிய கை உங்களுடையது.

மகள் அப்பாவுக்காக வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைக்க வேண்டும் என்று போதகரிடம் தேதி வாங்கிவிட்டாள். இந்த மாதக் கடைசி ஞாயிறு. அத்தை கட்டாயம் வர வேண்டும் என்று எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

அண்ணி, அந்த ஞாயிறு வரை காத்திருக்காதீர்கள். அதற்கு முன்னாலேயே வந்துவிடுங்கள்.

கர்த்தர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி