ஒன்பது பூஜ்யங்கள்

பிப்ரவரி 18, ஞாயிறு

அன்பு மகன் எலிசியோவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை நயேலியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், குவாதலூப்பே மாதா உன்னையும் அந்த அலாஸ்காக் குளிரில் கைகால் விறைக்காமல் காப்பாற்றி வைக்கட்டும். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் அப்பா பேச்சை எடுத்தாலே உனக்கு லைன் சரியில்லாமல் போய்விடுகிறது. அதோடு, இந்த உறைக்குள் உனக்குச் சேர வேண்டிய ஒரு பழைய படிவமும் மடித்து வைத்திருக்கிறேன். அதை இப்போதே பிரிக்காதே, நான் சொல்லி முடித்த பிறகு பார்.

இங்கே பனிமூட்டம் இன்னும் விடவில்லை, காலையில் பக்கத்து வீட்டு வேலிகூடத் தெரிவதில்லை. திராட்சைக் கொடி வெட்டும் வேலை முடிந்துவிட்டது, கம்பியில் கொடி கட்டும் வேலை வாரத்தில் நான்கு நாள் கிடைக்கிறது. அப்பாவின் டிரக்கை விற்கவில்லை, நயேலி ஓட்டக் கற்றுக்கொண்டாள், அவள் கியர் மாற்றும்போது அது போடுகிற ஓலத்தில் தெருநாய்கள் எல்லாம் எழுந்து நிற்கின்றன. இன்னொரு செய்தி, சிரிக்காமல் படி, உன் அம்மா காலேஜுக்குப் போகிறாள். நீ சேர வேண்டும் என்று ஆசைப்பட்ட அதே சமுதாயக் கல்லூரிதான், செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் இங்கிலீஷ் வகுப்பு, எங்களுக்கு ஒரு சென்ட் கட்டணம் இல்லை. அப்பா கண்மூடிய பிறகு வீட்டில் சாயங்காலங்களைத் தாங்க முடியவில்லை, அதனால்தான் சேர்ந்தேன். காலேஜ் என்றால் பணக்காரப் பிள்ளைகள் புல்வெளியில் சாய்ந்து கிடப்பார்கள் என்று நினைத்திருந்தேன் அல்லவா, அங்கே போனால் எல்லாம் நம்மைப் போன்ற முகங்கள். என் பக்கத்தில் உட்காருகிறவர் லாரி ஓட்டுகிறார், முன்னால் இருக்கும் பெண் மடியில் கைக்குழந்தையோடு வருகிறாள், ஜெயிலிலிருந்து வெளியே வந்து வெல்டிங் படிக்கிற ஒருவன் எனக்குத் தினமும் கதவைத் திறந்து பிடிக்கிறான். ஆரஞ்சு பொறுக்கும் ஷெட்டில் என்னோடு நின்ற எர்லிந்தாவும் என் வகுப்புதான், அவளுக்குப் பாடத்தைவிடக் காலேஜ் இலவசமாகக் கொடுக்கிற பீன்ஸ் மூட்டையில்தான் கண். ஆனால் உன் வயதுப் பையன்கள் பை மாட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்க்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன், ஏன் என்று இனி சொல்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் உதவித்தொகை அலுவலகத்துப் பெண் ஒருத்தி எங்கள் வகுப்புக்கு வந்தாள். பிள்ளைகளைப் படிக்க வைக்கிற தாய் தகப்பன்களுக்காக எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னாள். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடக் கட்டணத்தையே தள்ளுபடி செய்வார்களாம், ஆனால் புத்தகமும் பஸ்ஸும் சாப்பாடும்தான் தோலை உரிக்குமாம், அதற்குத்தான் உதவித்தொகைப் படிவமாம், மார்ச் இரண்டாம் தேதிக்குள் அனுப்ப வேண்டுமாம். காகிதம் இல்லாமல் இந்த நாட்டுக்கு வந்து அரசாங்க எண் கிடைக்காத தாய் தகப்பன் அந்த எண்ணுக்கான ஒன்பது கட்டத்திலும் பூஜ்யம் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டு அவள் ஒரு படிவத்தைத் தூக்கிக் காட்டினாள். எலிசியோ, நீ அன்றைக்குக் கொண்டுவந்த அதே படிவம். நான் எழுந்து, அப்படிப் பூஜ்யம் போட்டு அனுப்பினால் ஆளைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு யாரும் வரமாட்டார்களா என்று ஸ்பானிஷிலேயே கேட்டேன். இன்றைய தேதியில் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்று அந்தப் பெண் நேர்மையாகத்தான் சொன்னாள். எர்லிந்தாதான் திரும்பிப் பார்த்தாள்.

“நாங்க அனுப்பி ஏழு வருஷம் ஆச்சு. யாரும் வரலை. என் பொண்ணுதான் நர்ஸாகி வந்தா.”

அவள் மட்டுமில்லை, அறையில் இன்னும் நான்கு பேர் கை தூக்கினார்கள். நான் பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்து, கார் நிறுத்துகிற இடத்தில் பனிமூட்டத்துக்குள் நின்று அழுதேன். வீட்டுக்கு வந்தால் நயேலி அதே படிவத்தோடு சமையல் மேஜையில் காத்திருந்தாள். “அம்மா, நீ கையெழுத்துப் போடுவியா, இல்ல நானும் அலாஸ்காவுக்குப் போகட்டுமா?” என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. போட்டுவிட்டேன், பயத்தோடுதான் போட்டேன், தபால் பெட்டியில் நானே என் கையால் போட்டேன்.

இனி உன் விஷயம். உனக்குப் பதினெட்டு வயதில் நீ அந்தப் படிவத்தை என்னிடம் கொடுத்து, அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வை என்று சொல்லிவிட்டு ஆரஞ்சு ஷெட்டுக்கு வேலைக்கு ஓடினாய். நான்கு நாள் கழித்து நீ கேட்டபோது, அப்பா போட மாட்டேன்கிறார், நீ போய்க் கேட்காதே, வீட்டில் சண்டை வரும் என்று சொன்னேன். அது பொய். அந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து போட்டுக் கொடுத்தார். தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார். இந்த வீட்டில் எண் இல்லாதவன் ஒருவன் இருக்கிறான், இதோ அவன் பேரும் விலாசமும் என்று நாமே எழுதி அரசாங்கத்துக்கு அனுப்புவதா என்று பயந்துவிட்டேன். அந்த வருஷம் என் அண்ணனைப் பிடித்து எல்லைக்கு அப்பால் விட்டது உனக்கு நினைவிருக்கும். படிவத்தை மாதா படத்துக்குப் பின்னால் சட்டத்துக்குள் செருகிவிட்டேன். அப்பா கேட்டபோது, நம் காகிதம் சரியில்லை என்று காலேஜ்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று அவரிடம் இன்னொரு பொய் சொன்னேன். ஒரு பொய் உனக்கு, ஒரு பொய் அவருக்கு, நீங்கள் இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசுகிற ஆட்களா, அது அப்படியே நின்றுவிட்டது.

கட்டணம் மட்டும் என்றால் நீ பழம் பொறுக்கியே கட்டியிருப்பாய், அது எனக்குத் தெரியும். அப்பா உன்னைக் கைவிட்டுவிட்டார் என்பதில்தான் உனக்கு மனசு விட்டுப்போனது. குளிர்சாதன மெஷின் படிக்க நினைத்தவன் மீன் ஆலைக் குளிரிலேயே போய் நின்றாய். நீ கிளம்பிய அன்று உன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்ப அவர் டிரக் பக்கத்தில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், நீ பஸ்ஸில் ஏறிவிட்டாய். அதற்குப் பிறகு அவர் அந்தக் காலேஜ் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டார், தோட்டத்துக்கு இரண்டு மைல் சுற்றிப் போவார். அவருக்குப் படிப்பு என்றால் வெறுப்பு என்று நீ போனில் சொல்வாய், நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். வெறுப்பில்லை மகனே, வெட்கம். தன்னுடைய பூஜ்யங்களால்தான் உன் படிப்பு போனது என்றும், அதனால்தான் நீ அவரோடு பேசுவதில்லை என்றும் நம்பிக்கொண்டே ஆறு வருஷம் இருந்தார். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அதே மாதா படத்தின் முன்னால் நின்றுதான் உனக்காகச் சிலுவை போட்டுக்கொள்வார், நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஆகஸ்டில் வெயிலில் சரிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று நாளும் சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. நீ ஆலையின் கப்பலில் நடுக்கடலில் இருந்தாய், செய்தி உன்னிடம் சேர ஐந்து நாள் ஆனது, அப்போது நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. “அவர் எனக்காக ஒரு கையெழுத்துக்கூடப் போடலையேம்மா.”

என்னை மன்னித்துவிடு என்று கேட்கிற தைரியம் எனக்கில்லை. என்மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் வை, அவர்மேல் வைத்ததை எடுத்துவிடு. நயேலிக்கு இன்னும் சொல்லவில்லை, நீ முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான். மீன் காலம் முடிந்ததும் ஒரு நடை வந்து கல்லறையில் நின்றுவிட்டுப் போ, வீட்டுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, ஃப்ரெஸ்னோவில் பஸ் இறங்கினால் நயேலி டிரக்கோடு வந்து நிற்பாள். கம்பளிக் கையுறை போடாமல் மீன் வெட்டுகிற கத்தியைத் தொடாதே. இந்தக் கடிதத்தின் மேல் இரண்டு சிலுவை போட்டிருக்கிறேன், ஒன்று என்னுடையது, மற்றது அன்றைக்கு டிரக் பக்கத்தில் நின்றுபோனது.

இப்போது படிவத்தைப் பிரி. ஒன்பது பூஜ்யமும் அவர் கை. ஏழாவது மட்டும் அடித்துத் திருத்தியிருக்கும், அது கோணலாகிவிட்டது என்று அழிரப்பர் கேட்டார், பேனாவில் எழுதியதை எப்படி அழிப்பது என்று நான் திட்டினேன். “பையன் பேரு இருக்கிற தாளு, வட்டமா வரணும்ல” என்றார்.

உன் நலத்தைத் தவிர வேறொன்றும் வேண்டாத,
அம்மா ஒஃபெலியா