விழிக்கும் நேரம்

பெங்களூர்,
12.8.1987

அன்புள்ள அம்மாவுக்கு வரதன் வணக்கத்துடன் எழுதுவது. நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நைனாவுக்கு வாதத்தில் விழுந்த வலது கை கொஞ்சமாவது அசைகிறதா? தங்கச்சி கனகா இதை அவர் காதிலும் விழும்படி உரக்கப் படிக்கட்டும்.

ஆபீசில் ஒரு சின்னத் தகராறு, பயப்படாதே. கம்ப்யூட்டரை நடத்தும் கர்னல் என்ற புரோகிராமில்தான் எனக்கு வேலை. தகவல்களைச் சேமித்து வைக்கும் டிஸ்க் தூங்கிக் கிடந்தால், எழுந்து பதில் சொல்லும்வரை கர்னல் காத்திருக்கும். அந்த நேரத்தைக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தேன், பாராட்டினார்கள். ஒரு பழைய டிஸ்க் மட்டும் மெதுவாக எழும். அது சுழலத் தொடங்கியும், குறைத்த நேரத்துக்குள் பதில் வரவில்லையென்று கர்னல் அதைச் செத்ததாக முடிவுகட்டிவிட்டது. ஆட்கள் கழற்றிக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள். அதில் ஒரு கோளாறும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. மேனேஜர் திட்டியதோடு சரி.

போன வாரம் நான் நம்மூர் போஸ்ட் ஆபீசுக்கு டிரங்க் கால் போட்டபோது போஸ்ட்மாஸ்டர் நைனாவிடமிருந்து ரிசீவரை வாங்கி, "பெரியவருக்குப் பேச்சு வர்ல தம்பி. காசு இன்னாத்துக்கு தண்டம்? வெச்சிடறேன்" என்றார். நல்ல மனுஷன்தான். ஆனால் அவர் வாங்குவதற்கு முன்னால் நைனாவின் தொண்டையிலிருந்து "வ" என்று ஒரு சத்தம் வந்தது. என் காதில் விழுந்தது.

ஓட்டல் சோறு இறங்கவில்லை. யாராவது இந்தப் பக்கம் வந்தால் சுண்டைக்காய் வற்றல் கொடுத்தனுப்பு.

தபால் பெட்டியைத் திறக்க ஆள் வந்துவிட்டான். திங்கட்கிழமை மறுபடி கூப்பிடுகிறேன். நைனா கையிலிருந்து போனை யாரும் வாங்க வேண்டாம், அம்மா.

வரதன்