கேசரி இல்லை அப்பா, கேசடியா

என் செல்ல அப்பாவுக்கு,

நீங்கள் ஒருநாளும் தின்றிராத ஒரு பண்டத்தைப் பற்றி எழுதப் போகிறேன். பெயர் கேசடியா. மெக்சிகோ நாட்டுச் சாப்பாடு. ஆங்கில எழுத்தில் காட்டினால் நீங்கள் 'குவேசடில்லா' என்றுதான் படிப்பீர்கள். படித்துவிட்டு, "டில்லான்னு முடியுதே, டில்லிப் பக்கத்துச் சாமானா பாப்பா?" என்று கேட்பீர்கள். இல்லை அப்பா. அவர்கள் மொழியில் இரண்டு 'எல்' சேர்ந்து வந்தால் 'ய' மாதிரி ஒலிக்கும். பள்ளி நூலகத்தில் ஒரு சமையல் புத்தகத்தில் படித்தேன்.

மெல்லிய ரொட்டிக்குள் காரமான கோழிக்கறியும் சீஸும் வைத்து, பாதியாக மடித்து, கல்லில் இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று வாட்டி எடுக்க வேண்டும். நம் ஊர்ப் பரோட்டாக் கடைகளில் முட்டையை உள்ளே வைத்து மடித்துப் போடும் லாப்பாவுக்கு அது தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன புதன்கிழமை ராத்திரி அதை நம் வீட்டில் செய்தேன். அன்று அதைச் செய்யாமல் இருந்திருந்தால், வருகிற ஜூன் மாதம் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் அத்தை வீட்டில் இருப்பேன். அம்மா இங்கே தனியாக இருப்பாள்.

எப்படி என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

ஐப்பசி மழையில் நீங்கள் லோடு ஆட்டோவை ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கும் போட்டுவிட்டு, அதன் பிறகுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் போவதில் அவ்வளவு கவனமாக இருந்த நீங்கள், எங்களுக்கு எவ்வளவு இடைஞ்சல் என்று யோசிக்கவில்லையே அப்பா?

அம்மாவுக்கு அதே பேண்டேஜ் துணிக் கம்பெனி வேலைதான். வீடு வந்து சேர இருட்டிவிடும். நீங்கள் இருந்தவரை அது ஒரு குறையாகவே தெரியவில்லை, ஏனென்றால் சாயங்கால அடுப்படி உங்களுடையது. இப்போது அம்மா விடியும் முன்பே மூன்று வேளைக்கும் சோற்றை வடித்து வைத்துவிட்டுப் போகிறாள். ராத்திரி நான் தட்டு எடுத்து வைத்தால், "நான் கம்பெனி வாசல்லயே வடை தின்னுட்டேன், நீ சாப்பிடு" என்பாள். வடை தின்றவள் கையில் எண்ணெய் வாசம் இருக்க வேண்டாமா? அம்மா கையில் வெளுத்த துணியின் மருந்து வாசம் மட்டும்தான் இருக்கும்.

மாசி மாதத்தில் ஒருநாள் உங்கள் தக்காளிக் குழம்பை வைத்துப் பார்த்தேன். நீங்கள் போடுவது போலவே பூண்டைத் தட்டிப் போட்டு, கடைசியில் சீரகத்தைப் பொரித்துக் கொட்டினேன். அம்மா ஒரு வாய் வைத்தாள். அப்படியே தட்டை நகர்த்திவிட்டுக் குழாயடிக்குப் போய்விட்டாள். குழம்பில் ஒரு குறையும் இல்லை அப்பா. குறை இல்லாததுதான் தப்பாகிவிட்டது. எதைச் செய்தாலும் அது உங்கள் கைப்பக்குவத்தின் பக்கத்தில் போய் நிற்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தபோது நான் காலையில் வடித்த சோறு இறங்காமல், ராத்திரிக்கு டீயில் பன்னை முக்கித் தின்றுகொண்டிருந்தேன். உங்கள் அக்காவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

"ஏட்டி செல்வி, வயசுக்கு வந்த பிள்ளய ராத்திரிக்குப் பன்னத் தின்னு படுக்க வைக்கியா? அடுத்த வருசம் பத்தாப்பு. மூளை எங்கிட்டு இருந்து வரும்? பரீட்சை முடிஞ்சதும் டீசிய வாங்கு. நான் எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். எம்பிள்ளையளோட பிள்ளையா மூணு வேளையும் சுடச்சுடத் தின்னுட்டுப் படிக்கட்டும்."

அத்தை போனபிறகு அம்மா சேலை மடித்துக்கொண்டே, "மதினி சொல்லுததும் சரிதானே தர்ஷினி?" என்றாள். பதிலைச் சமைத்துக் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

ஏன் கேசடியா என்று கேட்பீர்கள். நீங்கள் செய்யாததாக இருக்க வேண்டும். அதன் வாசத்தில் நீங்கள் இருக்கக் கூடாது. கோபித்துக்கொள்ளாதீர்கள் அப்பா, உங்களை வீட்டைவிட்டு அனுப்புவதற்காக இல்லை. அம்மா ஒரு தட்டுச் சாப்பாட்டை முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கறிக்கடை அண்ணனிடம் எலும்பில்லாமல் நெஞ்சுக்கறி கேட்டேன்.

"எலும்பு வேண்டாமா? வீட்ல யாருக்கும் பல்லு போயிருச்சா?"

"எல்லாருக்கும் பல்லு இருக்குண்ணே. இது மெக்சிகோ சாப்பாடு."

"அந்த ஊர்க் கோழிக்கு எலும்பே கெடையாதாக்கும்" என்று சொல்லிச் சிரித்தாலும், நன்றாகத்தான் வெட்டிக் கொடுத்தார்.

புத்தகத்தில் ஏதேதோ மெக்சிகோ மிளகாய்ப் பெயர்கள் இருந்தன. மிளகாய் வத்தலுக்குப் பேர்போன மாவட்டத்தில் இருந்துகொண்டு நான் ஏன் தேட வேண்டும்? நம் வத்தலையே வெறும் கல்லில் வறுத்து, ஊறவைத்து, பூண்டு, சீரகம், எலுமிச்சைச் சாறு சேர்த்து அம்மியில் அரைத்தேன். கறியை அதில் புரட்டி வைத்துவிட்டுப் பள்ளிப் பாடம் முடித்தேன். பிறகு வெங்காயத்தோடு வதக்கி, தண்ணீர் சுண்டும்வரை விட்டேன். ஈரம் இருந்தால் ரொட்டி ஊறிப்போய்க் கிழிந்துவிடும். ரொட்டிக்குக் கோதுமையும் மைதாவும் சரிபாதி. முதல் ரொட்டி இலங்கை வரைபடம் போல வந்தது. அடுத்தது ஆஸ்திரேலியா. நான்காவதிலிருந்து உலக உருண்டையாகிவிட்டது.

சீஸ் கட்டியைத் துருவிக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அத்தை. பஸ்ஸிலிருந்து இறங்கி வேகமாக நடந்து வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது.

"எங்கட்டி உங்கம்மா?"

"இன்னும் வரல அத்தை. உள்ள வாங்க."

"வரமாட்டா. எந்த மொகத்த வச்சுக்கிட்டு வருவா? எந்தம்பி போயி வருசம் திரும்பல. அதுக்குள்ள இந்த வீட்ல கேசரி கேக்குதாக்கும்!"

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. அத்தை கேசரி, கேசரி என்று இன்னும் இரண்டு தடவை சொல்லி, போன் பேச்சையும் ஒப்பித்தபிறகுதான் நடந்தது தெரிந்தது. மதியம் டீ நேரத்தில் அத்தை அம்மாவுக்குப் போன் போட்டு, "பிள்ளைக்கு ராத்திரிக்கு என்ன?" என்று கேட்டிருக்கிறார். அம்மா, "அவளே ஏதோ கேசடியா செய்யுதா மதினி" என்று சொல்லியிருக்கிறாள். பின்னால் தறிச் சத்தம். அந்தச் சத்தத்தில் கேசடியா, கேசரியாகிப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சிரிக்கிற விஷயம் இல்லை அப்பா. துக்க வருடம் முடியாத வீட்டில் இனிப்புச் செய்யக் கூடாது. அத்தை இந்த விஷயத்தில் எவ்வளவு கண்டிப்பு என்பதற்கு ஒன்று சொல்கிறேன். மாமா பால்கோவா கிண்டுகிற இடத்தில் வேலை பார்த்தும், நீங்கள் போனபிறகு அத்தை நம் வீட்டுக்குப் பால்கோவா கொண்டுவரவே இல்லை. வரும்போதெல்லாம் காராச்சேவுதான். அன்றைக்கு அதுவும் இல்லை, வெறுங்கை.

"கேசரி கிண்டுத வீட்ல நீ ஒரு நாளும் இருக்க வேண்டாம். நாளைக்கே பள்ளிக்கூடத்துக்கு நான் வாரேன். டீசிய வாங்கிட்டுத்தான் போவேன்."

"அத்தை, அது கேசரி இல்ல. கேசடியா. 'ச'வுக்குப் பொறவு 'டி' வரும்."

"எங்கிட்டப் பாடம் நடத்தாத. ரவை எங்க வச்சிருக்க? நெய் எங்க?"

"ரவை டப்பா உங்களுக்குப் பின்னாடி இருக்கு. தெறந்தே பாருங்க."

அத்தை ரவை டப்பாவைத் திறந்தார். அதில் ரவை தொடப்படாமல் அப்படியே இருந்தது. மைதா மாவை விரலில் தொட்டுப் பார்த்தார். சீஸ் துருவலைக் கிள்ளி மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தார். கடைசியாக அடுப்பில் இருந்த சட்டியின் மூடியைத் தூக்கினார். கொஞ்ச நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதென்னட்டி... கேசரிக்குள்ள கோழி கெடக்கு?"

நான் சிரித்துவிட்டேன். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. அத்தை முறைத்தார். பிறகு அவருக்கும் வாயோரத்தில் சிரிப்பு வந்தது. அதை மறைக்கச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கோழிதானா? கோழின்னா சரி. அதச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதான உங்கம்மா!"

அப்போதுதான் அம்மா வந்தாள். வாசலில் அத்தையின் செருப்பைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது.

"வாங்க மதினி. எப்ப வந்தீய? போன்லகூடச் சொல்லலையே."

"கேசரி திங்க வந்தேன்" என்றார் அத்தை.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கல்லை அடுப்பில் வைத்தேன்.

தீயைக் குறைத்து வைத்து, ரொட்டியைப் போட்டு, பாதியில் சீஸ், அதன்மேல் கறி, அதன்மேல் மறுபடியும் சீஸ். மேலும் கீழும் சீஸ் இருந்தால்தான் உருகி இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும். மடித்து, மேலே ஒரு தட்டை வைத்து அமுக்கினேன். முதல் கேசடியாவில் சீஸ் வெளியே வழிந்து கல்லில் கருகிவிட்டது. அதை எனக்கு என்று ஒதுக்கிவிட்டேன். இரண்டாவது பொன்னிறமாக வந்தது. கத்திரிக்கோலால் முக்கோணமாக வெட்டினேன். தொட்டுக்கொள்ள மாங்காய், வெங்காயம், கொத்தமல்லி பொடிப்பொடியாக நறுக்கிப் பிசறியதும் கெட்டித் தயிரும்.

அத்தை ஒரு முக்கோணத்தைக் கடித்து இழுத்தார். சீஸ் வாய்க்கும் கைக்கும் நடுவில் நீளமாக வந்தது. கையை எவ்வளவு தூரம் கொண்டுபோனாலும் அறுபடவில்லை.

"ஏட்டி செல்வி, இது என்ன நூலாவுல்ல வருது! உங்க கம்பெனி நூலத் தூக்கிட்டு வந்து போட்டுட்டாளா உம்மவ?"

அம்மா சிரித்தாள். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவள் கையை. முதல் துண்டு முடிந்தது. அவள் பேச்சை நிறுத்தாமலே இரண்டாவதை எடுத்தாள். இரண்டாவது முடிந்தபோது, தட்டில் மூன்றாவது இல்லாததால் என் பக்கம் தட்டை நகர்த்தினாள். நகர்த்தியது அவளுக்கே தெரியாது.

"வத்தல் பத்தல தர்ஷினி. இன்னுங் கொஞ்சம் தூக்கலாப் போட்டிருக்கலாம்" என்றாள்.

அப்பா, நீங்கள் போனபிறகு அம்மா ஒரு சாப்பாட்டைக் குறை சொன்னது அதுதான் முதல் தடவை.

அத்தையும் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். செத்த நேரத்தில் தண்ணீர் எடுக்க வருவதுபோல அடுப்படிக்கு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இவ தெனம் ராத்திரி என்னட்டி திங்கா?"

"வடை தின்னுட்டு வந்தேன்னு சொல்லுவாவ."

"தின்னுட்டு வாராளா?"

நான் கல்லில் இருந்ததைத் திருப்பிப் போட்டேன். அத்தை தண்ணீர் எடுக்காமலே சொம்பைத் திரும்ப வைத்தார். அவர் இதுவரை என் வயிற்றை மட்டும்தான் கணக்கில் வைத்திருந்தார் என்று எனக்குத் தோன்றியது. நான் பன் தின்றது அவருக்குத் தெரிந்தது. அம்மா அதுகூடத் தின்னாதது யாருக்குத் தெரியும்?

கூடத்துக்குத் திரும்பி வந்து அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"டீசியெல்லாம் வாங்க வேண்டாம். பிள்ள இங்கனயே படிக்கட்டும்."

அம்மா கையில் இருந்த துண்டைத் தட்டில் வைத்தாள். "ஏன் மதினி? உங்களுக்குச் சங்கடமா..."

"எனக்கென்ன சங்கடம்? அவளக் கூட்டிட்டுப் போயிட்டா நீ பச்சத்தண்ணியக் குடிச்சிட்டுக் கவுந்து படுத்துருவ. பொறவு உன்னத் தூக்கிட்டுப் போக நான் ஒரு வண்டி பிடிக்கணும். அவ இருந்தாத்தான் நீ திம்ப. தின்னு, ஆறுது."

அம்மா தலையைக் குனிந்துகொண்டு தின்றாள். அத்தை மாங்காயை அள்ளி அவள் தட்டில் போட்டார். யாரும் யாரையும் தேற்றவில்லை. மூன்று பேரும் சாப்பிட்டோம், அவ்வளவுதான். கடைசி பஸ்ஸுக்கு முன்பே அத்தை கிளம்பினார். வாசலில் நின்று, "புதன்கிழமை புதன்கிழமை வாரேன். எனக்கும் சேத்துப் போடுட்டி, அந்தக் கேசரிய" என்றார். திருத்தலாமா என்று நினைத்தேன். விட்டுவிட்டேன். ஒரு நாட்டின் சாப்பாட்டை நம் வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு, அதற்கு நம் வீட்டுப் பெயர் ஒன்று இருந்தால் என்ன குறைந்துவிடும்?

உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது அப்பா. நீங்கள் சாயங்காலம் அடுப்பைப் பற்ற வைத்தபோதெல்லாம் அது எங்கள் பசிக்காக மட்டும்தானா? அல்லது நாள் முழுதும் நின்று வேலை பார்த்த ஒருத்தி வீட்டுக்குள் வரும்போது, ஏதாவது ஒன்று சூடாக இருக்க வேண்டும் என்பதற்காகவா? நான் கல்லின் முன்னால் நின்றபோதுதான் எனக்கு இந்தக் கேள்வியே வந்தது. பதில் தெரியும் என்றும் நினைக்கிறேன்.

பத்தாம் வகுப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பாடமும் படிப்பேன், அடுப்பும் பார்ப்பேன். இரண்டுக்கும் எனக்குத் தெம்பு இருக்கிறது. வடை தின்றுவிட்டேன் என்ற பேச்சு இனி இந்த வீட்டில் எடுபடாது. அம்மாவுக்கு முன்னால் தட்டை வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் ஏதாவது ஒரு குறை சொல்லும்வரை நான் எழுந்திருக்க மாட்டேன். இது உங்களுக்குத் தரும் வாக்கு.

இராஜபாளையத்தில், அம்மாவோடேயே இருக்கும்,
உங்கள் மகள்
தர்ஷினி